ஆஸ்கெரின் மூன்றாவது கலவை

மூன்றாவது புகையிலைக் கலவை தலையைச் சுற்ற வைத்து, ஆஸ்கெரை அலுவலகப் படிக்கட்டிலேயே சாய்த்துவிட்டது. தரை துடைக்கும் தூரா அம்மாள் ஓடிவந்து அவன் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். தரை துடைக்கிற துணிதான். ஆனாலும் அவனுக்குக் கண் கலங்கியது. சிதறிய புகையிலையை அவளே பையில் அள்ளிப்போட்டாள்.

"உனக்கு எதுக்குத் தம்பி இந்தக் கருமம்?"

வேலை நிரந்தரமாக வேண்டுமே. ஆர்ஹுஸ் துறைமுகத்தில் அவன் சேர்ந்திருந்த கப்பல் கம்பெனியில் முதலாளி க்யெல்ஸன் வெள்ளிக்கிழமை காப்பிக்குக் கூப்பிட்டு, கூடவே பைப்பில் புகைபிடிக்க வைத்துத்தான் ஆளை எடை போடுவார். பைப்பை அணையாமல் காக்கத் தெரியாதவனுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் கட்சி.

முதலில் வாங்கிய வனிலா கலவை நாக்கைப் பொசுக்கியது. இரண்டு நாள் டெலிபோனில் பேச முடியவில்லை. கடைக்காரர் அதற்குப் பதிலாக இங்கிலீஷ் கலவை ஒன்று தந்தார். அதைப் பற்ற வைத்ததும் மாடியே தீப்பிடித்துவிட்டதென்று ஜன்னல்களைத் திறந்தார்கள். அதற்கும் மாற்றாக வந்ததுதான் இந்தக் கறுப்புச் சரக்கு.

ஆனால் மறுநாளே அது சாதுவாகிவிட்டது. நாக்கு எரியவில்லை, தலை சுற்றவில்லை. பழகிவிட்டது என்று ஆஸ்கெர் பூரித்துப்போனான். கடைக்காரருக்குப் பெரிய கேக் ஒன்று வாங்கிக் கொடுத்து, நீங்கள்தான் என்னை வாழ வைத்தவர் என்றான். அவர் ஒன்றும் புரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முதலாளி கண்ணை மூடி அந்தப் புகையை மோந்தார்.

"சண்டையில ஜெர்மன்காரன் ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இப்படி ஒரு சரக்கு வரும். எந்தக் கலவைப்பா?"

ஆஸ்கெர் பெயரைச் சொன்னான். திங்கட்கிழமை முதலாளி கடையில் அதையே வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தார். முகம் வெளிறி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"நல்லதை நீ ஒளிச்சு வச்சுக்கிட்டு, எனக்கு விஷத்தைக் காட்டுறியா? உன்னை எப்படி நம்பி வேலையில வைக்கிறது?"

ஆஸ்கெர் சத்தியம் செய்தான். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டான்.

மேசைக்கடியில் துடைத்துக்கொண்டிருந்த தூரா அம்மாள் மெல்ல நிமிர்ந்தாள்.

"பிள்ளையைத் திட்டாதீங்க முதலாளி. அவன் படியில விழுந்த அன்னிலேர்ந்து அவன் பையில புகையிலைக்குப் பதிலா நான் போடுறது எங்க வீட்டு செர்ரி இலைதான். சண்டைக் காலத்துல புகையிலை கிடைக்காம நீங்கள்லாம் காறித் துப்பிக்கிட்டே புகைச்சீங்களே, அதே இலை. தம்பி, அந்தக் கேக் எனக்கு வந்திருக்கணும்."