மழை வராது என்று சொன்ன குடைக்காரர்

ஜப்பான்காரன் குண்டு போட்டபோதுகூடச் சிங்கப்பூரின் தேக்கா அப்படி நடுங்கியதில்லை. ஜனவரி மாதம் குடைக்காரர் வாயைத் திறந்தால் நடுங்கும். இதில் மிகை ஒன்றுமில்லை. குண்டு விழுந்தபோதும் நான் இருந்தேன், குடைக்காரர் பேசியபோதும் இருந்தேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பிறத்தியார் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்து, ஐம்பதுகளின் நடுவில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் சொந்தச் சலவைக்கடை வைத்து, ஒன்பது ஆட்களுக்குச் சோறு போட்டவன். என் கடையில் வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் நடந்தால் எதிரே வருகிறவர் கண்ணைச் சுருக்குவார். சலவைக்காரனுக்கு வெயிலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். ஆகவே வானத்தைப் பற்றி யார் பேசினாலும் என் காது அங்கே போய்விடும்.

பேசினவர் குடைக்காரர். என் கடைக்கு எதிரே, மாடிக்கு அடியில் ஓடும் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்வார். பெயர் யாருக்கும் தெரியாது. காலை மடக்கி உட்கார்ந்தால் அவரே மடக்கி வைத்த குடை மாதிரிதான் இருப்பார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து கர்ப்போட்டம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழியின் பின்பாதியில் பதினாலு நாள் வானம் சூல் கொள்ளும் என்பது அங்கே குடியானவர் கணக்கு. அந்த நாட்களில் கருமேகம் ஓட வேண்டும், ஆனால் ஒரு சொட்டு விழக்கூடாது. அப்படி ஓடினால் அடுத்த வருஷம் நல்ல மழை. விழுந்துவிட்டால் கரு கலைந்தது, வறட்சிதான். குடைக்காரர் அஞ்சடித் தூணில் தினம் ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவார். ஓடிய மேகத்துக்கு நேர்க்கோடு, விழுந்த மழைக்குக் குறுக்குக்கோடு.

சிங்கப்பூரிலோ மார்கழியில் வானம் கிழிந்து தொங்கும். பதினாலு நாளும் குறுக்குக்கோடுதான். வருஷம் தவறாமல் பதினைந்தாம் நாள் குடைக்காரர் எழுந்து நிற்பார்.

"கலைஞ்சிருச்சு! எல்லாம் கலைஞ்சிருச்சு! குடிக்கத் தண்ணி இருக்காது, சேத்து வச்சுக்குங்க!"

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். சொல்கிறவர் குடைக்காரர். மழை பெய்தால்தான் அவருக்கே சோறு. தன் வயிற்றுக்கு எதிராக ஒரு மனிதர் கண்ணீரோடு சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வது?

"பொய் சொல்ற ஆளா இருந்தா, மழை வருது, குடைய குடுங்கன்னுல்ல சொல்லணும்?" என்பார் மளிகைக்கடை பாய்.

பிறகென்ன, வெளியே ரோச்சோர் கால்வாய் பொங்கித் தெருவில் முட்டளவு வெள்ளம் ஓடும். உள்ளே ஜனங்கள் கட்டில்மேல் நின்றுகொண்டு குடம் குடமாகக் குழாய்த் தண்ணீர் பிடித்து மூடி வைப்பார்கள். இட்லிக்கடைக்காரர் நனைந்த வேட்டியோடு வந்து பாதி டம்ளர் தண்ணீர் வைப்பார்.

"என்னாண்ணே, பாதிதான் இருக்கு?"

"குடைக்காரரு சொன்னது காதுல விழலையா? குடிச்சிட்டுக் கெளம்புலா."

ஒருவர் மகள் கல்யாணத்தைச் சித்திரையிலிருந்து தைக்கு முன்னே இழுத்தார், பந்தியில் கை கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று. கொசு இன்ஸ்பெக்டர் வந்து மூடாத பாத்திரங்களைக் கவிழ்த்தபோது பெண்கள் அவரைக் கால்வாய்வரை துரத்தினார்கள். நான் மட்டும் பயப்படவில்லை. இரண்டு பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி விளிம்புவரை நிரப்பி வைத்தேன், அவ்வளவுதான்.

வறட்சி வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று குடைக்காரரைக் கேட்டால், "தள்ளிப் போயிருக்கு" என்பார். அது இன்னும் பயமாக இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி வந்தது. மேகம் கறுக்கும், ஓடும், விழாது. தூணில் பதினாலும் நேர்க்கோடு.

"நெறசூலு! இருபது வருஷத்துல மொதத் தடவ! வர்ற தண்ணிய வைக்க எடம் பத்தாது பாருங்க!"

தெருவுக்கே பூந்தி வாங்கிக் கொடுத்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம். எல்லாரும் குடங்களைக் கவிழ்த்தார்கள். பீப்பாய்களைப் பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரனுக்குத் தள்ளினார்கள். நான் எதையும் பெரிதாகவே செய்து பழகியவன். இரண்டு தொட்டியையும் உடைத்து, அந்த இடத்தில் இஸ்திரி மேசைகளைப் போட்டேன். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் படுக்கைவிரிப்பு வேலையையும் பிடித்தேன். தினமும் விரிப்பு போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தவறினால் வேலை வேறு கடைக்குப் போய்விடும். அதை நம்பி நான் சேர்த்த ஆட்களும் போக வேண்டியதுதான்.

மாசியில் மழை இல்லை. பங்குனியிலும் இல்லை. சித்திரையில் ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்தது. இனி வாரத்தில் சில நாட்கள் குழாய் மூடப்படும், எங்கள் வட்டாரத்துக்கு நாளையே முதல் நாள் என்று சொல்லிவிட்டுப் போனது. பீப்பாய்க்கு ஓடினோம். காராங் கூனிக்காரன் எப்போதோ எல்லாவற்றையும் விற்றுவிட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு மூட்டை வந்து இறங்கியது. எல்லாம் ரத்தக்கறை. குழாயைத் திருகினால் காற்று சீறியது. ஒன்பது ஆட்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நேரே எதிர்க்கட்டடத்துக்குப் போனேன். குடைக்காரர் காலையிலிருந்து அங்கே தன் மாடி அறையைவிட்டு இறங்கவில்லை. கீழே ஏழெட்டுப் பேர் சட்டைக்கையை மடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். "மொதல்ல எனக்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"உள்ள வராதீங்க தம்பி. அடிக்கிறதுன்னா வெளிய வச்சே அடிங்க. உள்ள சிந்திரும்."

"என்னா சிந்தும்?"

தள்ளிக்கொண்டு போனேன். அறை முழுக்க மண்ணெண்ணெய் டின்கள், ஒவ்வொன்றின் வாயிலும் கறுப்புக் குடைத்துணி கட்டியிருந்தது. டின்களின்மேல் பலகை போட்டு, அதில் பாய் விரித்திருந்தார். ஒன்றைத் தட்டினேன். நிறைந்த சத்தம். முப்பத்திரண்டும் அப்படித்தான்.

"ஊரையெல்லாம் கொட்டச் சொல்லிட்டு நீங்க மட்டும் புடிச்சு வச்சிருக்கீங்களா?"

"வானத்த நம்புனேன் தம்பி, சத்தியமா. கைதான் கேக்கல. வெள்ளிக்கெழமையானா பழசக் கொட்டிட்டுப் புதுசு புடிச்சிருது."

"பயம் இருந்தா எங்ககிட்டயும் சொல்றதுக்கென்ன?"

"வருஷா வருஷம் உங்கள அழ வைக்கிறேன். இந்த ஒரு வருஷமாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்." பலகையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். "ஊருல நாங்க எட்டுப் பேரு. கெணறு வத்துன வருஷம் முடியறப்ப நான் ஒருத்தன்தான்."

படியேறும்போது நல்ல நல்ல வசவாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

"உங்களுக்கு எத்தன டின்னு வேணும்?" என்று அவரே கேட்டார்.

"எல்லாம் வேணும் பெரியவரே. ஏழு மூட்டை கெடக்கு."

அவர் பலகையிலிருந்த பாயைச் சுருட்டினார். பிறகு வாசலுக்கு அருகிலிருந்த முதல் டின்னை அவரே தூக்கி என் கையில் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போங்க" என்றார்.

அடிக்க நின்றவர்கள் நான் டின்னோடு இறங்குவதைப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மளிகைக்கடை பாய்தான் முதலில் கையை நீட்டினார். மடித்த கைகளெல்லாம் படியில் வரிசையாக நின்று, டின் கை மாறி மாறி என் கடைக்கு வந்தது. விரிப்புகள் அன்று போய்ச் சேர்ந்தன. தண்ணீர் வந்த நாட்களில் புதுத் தொட்டி கட்டிக்கொண்டேன். ஒன்பது ஆட்களில் ஒருவர்கூட வேலையை இழக்கவில்லை.

அடுத்த மார்கழியில் மழை கொட்டித் தீர்த்தது. தூண் முழுக்கக் குறுக்குக்கோடு. தெருவே கும்மாளம் போட்டது. குடைக்காரர் மட்டும் வெடவெடத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, உங்க ஊரு கணக்கு இங்க தலைகீழ். இங்க மார்கழியில பெஞ்சாத்தான் நமக்கு நல்லது" என்றேன். இரண்டாம் வகுப்பு மூளை கண்டுபிடித்தது, கவனியுங்கள்.

"வானம் ஒண்ணுதானே தம்பி" என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. அன்றிலிருந்து அவர் இருந்தவரை, ஒவ்வொரு மார்கழியிலும் அந்தப் பதினாலு நாள் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு மேகம் பார்க்கத் தெரியாது. அவர் பயப்படும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும் என்றுதான்.