எட்டாம் வீட்டில் பதினேழு பாட்டு

நெல்லித்தோப்பு,
வியாழன் காலை.

மரியாதைக்குரிய மாமா கமலக்கண்ணன் அவர்களுக்கு மைத்துனன் விஜயராகவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் உடம்பளவில் சௌக்கியம். பிரான்சில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் குளிர் தாக்காமல் இருக்க வேண்டுகிறேன். உடம்பைத் தவிர மற்றதெல்லாம் இங்கே நாசம். போனில் சொன்னால் பின்னால் அக்கா சிரிப்பது கேட்கும் என்பதால் கடிதம்.

தவளக்குப்பம் பலராமன் மகள் மாலாவை எனக்குப் பேசியது உங்களுக்குத் தெரியும். முப்பத்தாறு வயதில் வந்த பன்னிரண்டாவது வரன். போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், கடலோர ஓட்டலில் நான் டி.ஜே. போட்டுக்கொண்டிருந்தபோது தன் அண்ணியோடு சாப்பிட வந்தாள். நான் போடுவது டெக் ஹவுஸ் என்கிற வெளிநாட்டு ஆட்டப் பாட்டு. வார்த்தை குறைவு, தாளம் அதிகம். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதே வேகத்துக்கு இழுத்துப் பிடித்து, சுருதியும் இடிக்காமல், மாறியதே தெரியாமல் மாற்ற வேண்டும். வித்தை பலித்தால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று ஊர் நினைக்கும். எட்டு வருடமாக அப்படித்தான் நினைக்கிறது. மாலா மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப பாட்டு மாறிடுச்சில்ல?" என்று கேட்டாள். மாமா, கட்டினால் இவளைத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

சுருதிப் பொருத்தம் பார்க்க டி.ஜே. போடுகிற எங்களுக்குப் பன்னிரண்டு எண் உண்டு; எந்தப் பாட்டும் அதன் சுருதிப்படி இவற்றில் ஒன்றில் விழும். ஓர் எண்ணிலிருந்து அதற்கோ பக்கத்து எண்ணுக்கோதான் போகலாம். வெளிநாட்டில் இதை வட்டமாக வரைவார்கள். எனக்கு வட்டம் கோணிக்கொள்ளும். நமக்குக் கை பழகியது கட்டம்தானே என்று, ராசிக்கட்டம் போலவே பன்னிரண்டு வீடு போட்டு, பாட்டுகளின் முதலெழுத்துகளை உள்ளே நிரப்பி, நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி என்பதை நடுவில் 126 என்று எழுதி, பீரோவில் வைத்திருந்தேன். அம்மா கண்ணாடி போடாமல் அதை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு பெண் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

பலராமன் அதைச் சாமிக்கண்ணு ஜோசியரிடம் கொண்டுபோயிருக்கிறார். ஜோசியர் விரல் விட்டு இரண்டு தடவை எண்ணிவிட்டு, "இருக்கிறதே ஒம்போது கெரகம். இந்தப் புள்ளைக்கு எட்டாம் எடத்துல மட்டும் பதினேழு உக்காந்திருக்கு. ஆயுசு நூத்தி இருபத்தாறு போட்டிருக்கு. அவ்ளோ வருஷமும் கஷ்டம்தான்" என்றாராம்.

நான் தவளக்குப்பத்துக்கு ஓடினேன். "அது ஜாதகம் இல்லைங்க, பாட்டு" என்றேன்.

"எட்டுல பதினேழு பாட்டா?"

"எங்கிட்ட இருக்கிறதுல முக்கால்வாசி எட்டுதாங்க."

"ஜாதகம் சரியில்லன்னதும் பாட்டுன்றீங்களா தம்பி?" என்று தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மா நிஜ ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனாள். வாங்கி ஜன்னலில் வைத்தார், பிரிக்கவில்லை.

மனசு விட்டுப்போய்விட்டது மாமா. "நாந்தான்டா ஒன் வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டேன்" என்று அம்மா மூன்று நாளாக அழுகிறாள், சமையலும் இல்லை. அவளைத் தேற்ற எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் போட்டது அவள்தான். டி.ஜே. மெஷினை விற்றுவிடப் போகிறேன். உங்கள் ஊரில் ஏதாவது கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை இருந்தால் பாருங்கள். பாட்டுக் கேட்காத கிடங்காக இருந்தால் நல்லது.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். என்னைப் பிடித்த எட்டு உங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆயுசு கெட்டியான
விஜயராகவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் பலராமனே நேரில் வந்துவிட்டார். மாலா பிடிவாதம் பிடித்து நிஜ ஜாதகத்தையும் காட்ட வைத்திருக்கிறாள். ஜோசியர் ஒரே நிமிஷம் பார்த்து, மடித்துக் கையில் கொடுத்து, "மொதல்ல குடுத்ததே தேவல" என்றாராம். ஆகவே முதல் ஜாதகத்தையே எனக்கு வைத்துக்கொள்வதென்று இரு வீட்டாரும் பேசி, தை மாதம் கல்யாணம். ஒரே ஒரு பரிகாரம். "பாட்டோ கெரகமோ, தாலி கட்டுற வரைக்கும் அந்த எட்டத் தொடாதீங்க தம்பி" என்கிறார் பலராமன். எட்டைத் தொடாமல் ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவினால் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் எழுந்து ஓடுவார்கள். ஓடட்டும் மாமா. வேலை தேட வேண்டாம், டிக்கெட் எடுங்கள்.