சுத்த அறையில் அழக்கூடாதாம்

காலை 9.12-க்கு ஈ-மெயிலில் வந்தது செய்தி, அன்புள்ள ரேமோன் மச்சான். நீயும் வீட்டாரும் நலமா என்று முறைப்படி கேட்டதாக வைத்துக்கொள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

உன் தங்கை, என் ஜிசெல், கடைசியாக வரைந்த சிலிக்கான் சில்லு இன்று சோதனைக்குப் போகிறது. கடுகை நாலாக உடைத்தால் வருமே, அத்தனூண்டு கண்ணாடிகள், இருநூற்றுச் சொச்சம். மின்சாரம் கொடுத்தால் ஒவ்வொன்றும் தலையைச் சாய்த்து, ஓர் ஒளியிழையில் வரும் வெளிச்சத்தை வேறோர் இழைக்குத் திருப்ப வேண்டும். ஒட்டாவாவிலிருந்து நீ பேசுகிற பேச்செல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் போகிறது. இதுவரை செய்ததிலெல்லாம் கண்ணாடிகள் அடியில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி அவள் கீலை மாற்றி வரைந்தாள். எழுந்திருக்கிறதா என்று பார்க்காமலே போய்விட்டாள். அவளுக்காக நான்தானே பார்க்க வேண்டும்? சோதனை நடக்கிற, தூசு தும்பு நுழையாத சுத்த அறைக்குள் எங்கள் மேலாளன் க்ளிஃபர்ட் என்னை விடமாட்டானாம், அதுதான் அந்த ஈ-மெயில்! அவன் அறைக்கே போய்க் கேட்டேன்.

“லைல், தப்பா எடுத்துக்காதப்பா. கண்ணீர்ல உப்பு இருக்கு. ஒரு சொட்டு விழுந்து காஞ்சாலும் கண்ணாடி மறுபடி ஒட்டிக்கும்.”

“நான் அழுது நீ பாத்தியாய்யா?”

“இல்ல. அதான் பயமா இருக்கு.”

என்ன நியாயம் இது! அடக்கத்தன்று உங்கள் அத்தை என் காதுபடவே, “ஒரு சொட்டு விடுறானா பாரு, கல்லுளிமங்கன்” என்றாள். அங்கே அழவில்லை என்று ஏச்சு, இங்கே அழுதுவிடுவேன் என்று விரட்டு. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் தெரிய நிற்கிறவனை அந்தக் கண்ணுக்காகவே வெளியே தள்ளுகிறான். நானும் விடல மச்சான். “பேசறப்ப தெறிக்குதே உன் எச்சில், அதுல என்ன சர்க்கரையா இருக்கு?”ன்னு கேட்டேன். வாயத் தொடச்சுக்கிட்டான். நீ பனி தள்ளுற வண்டி ஓட்டுறவன். இன்னிக்கே வா. அவன் நீலக் காரு வாசல்லயே நிக்குது. கூரை வரைக்கும் பனியத் தள்ளி மூடிட்டுப் போ. ஏப்ரல்ல தோண்டி எடுத்துக்கட்டும்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம். அவர்கள் கொடுத்தனுப்பிய மக்ரோனியைத் தவறாமல் சாப்பிடுகிறேன் என்று சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள்.

கொதிப்புடன்,
லைல்

பின்குறிப்பு: வண்டிய எடுக்காதே. இத அனுப்பறதுக்குள்ள அந்த ஆளே வந்து கையப் பிடிச்சுக் கூட்டிப்போயி, சுத்த அறை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினான். உள்ளே திரையில தெரிஞ்சுது. எல்லாம் தலை தூக்கிச்சு மச்சான், ஒண்ணு பாக்கி இல்லாம. அப்புறம் நடந்ததுக்கு நனைஞ்சுபோன க்ளிஃபர்ட் சட்டைதான் சாட்சி. உள்ளே விட்டிருந்தா அவ சில்லு அத்தனையும் பாழாப் போயிருக்கும். பாவி சொன்னது சரி. இதப் படிச்சதும் கூப்பிடுவே, எனக்குத் தெரியும். உனக்கும் அவ சிரிப்பேதான். கேட்டா மறுபடி ஆரம்பிச்சுடும். போனை அணைச்சுட்டேன்.