முந்நூறு வோல்ட், இருபது நொடி

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எழுதுவது. நீங்களும் அக்காவும் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

உங்கள் வாஷிங் மெஷின் துணி பிழியும்போது பாதியில் நின்றுவிடுகிறது என்றீர்கள். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி அத்தான், அத ஓட்டுற போர்டைக் கழட்டிக் குடுங்க"ன்னு வாங்கி வந்தவன் நான். எங்கள் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் ஏசி சோர்ஸ் என்றொரு பெட்டி இருக்கிறது. எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே கரண்டை ஏற்றி இறக்கித் தரும். போர்டை அதில் மாட்டி, ஒரு மோட்டாரையும் இணைத்து, இருநூற்று முப்பது வோல்ட் கொடுத்தேன், ஜம்மென்று ஓடியது. நூற்றெண்பதுக்கு இறக்கினேன், அப்போதும் ஓடியது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். உங்கள் தெருவில் கரண்டு திடீரென்று எகிறினால் தாங்குமா என்று பார்க்க, முந்நூறு வோல்ட், இருபது மில்லிநொடி என்று அடித்தேன். அடித்ததாக நினைத்தேன். அலகு 'நொடி' என்றே இருந்திருக்கிறது அத்தான். கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டியது முடியவேயில்லை, 'டப்' என்று ஒரு சத்தம், ஒரே புகை. எங்கள் மேலாளர் அம்மா கதவைத் திறந்து, "என்னய்யா கருகுது?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம், டெஸ்ட்டு"ன்னேன். 'தொடங்கும் முன் அலகைப் பார்' என்ற சீட்டு அந்தப் பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவன் நான். அன்று காலையில்தான் புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு அதைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தேன்.

அப்புறம் உங்களிடம் என்ன சொன்னேன்? "உங்க வீட்டு வயரிங் சரியில்ல அத்தான், அதுதான் போர்ட தின்னுடுச்சு"ன்னு. வீடு கட்டும்போது அந்த வயரிங்கை நீங்களே உங்கள் கையால் செய்தீர்கள் என்பது தெரிந்தும் சொன்னேன். "அப்படியா மாப்ள"ன்னு மட்டும் சொன்னீர்கள். நேற்று அக்கா போன் செய்து, "வயரிங்கப் பாக்கணும்னு சாப்பிடக்கூட வராம சுவர இடிச்சிட்டு இருக்காருடா, யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறாரு"ன்னு அழுதாள். அத்தான், உங்கள் வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. எரித்தவன் நான், பழியை உங்கள் மேல் போட்டவனும் நான். சுத்தியலைத் தயவுசெய்து கீழே வையுங்கள். புது போர்டு என் செலவில் வரும், சுவரைப் பூச நானே வருகிறேன். அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியில்லாத,

மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் போன். சமையலறைச் சுவருக்குள் வயர் இணைப்பு ஒன்று கரிக்கட்டையாகக் கிடந்தது என்கிறீர்கள். "நீ சொல்லலன்னா வீடே பத்திக்கிட்டிருக்கும் மாப்ள, நீதான்யா இன்ஜினியர்"ன்னு நன்றி வேறு சொல்கிறீர்கள். இங்கே ஒழுங்காக ஓடிய போர்டு அங்கே ஏன் நின்றது என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை அத்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவாயில்ல அத்தான்"னுதான் வந்தது. ஆகவே வயரிங்கில் குறையில்லை என்ற வரியையும், சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்ன வரியையும் மட்டும் அடித்துவிடவும். தொடர்ந்து இடிக்கவும்.