டொக் டொக் நிற்கும் வரை

"கேட்குதா?" என்று போன் ரிசீவரை பானட்டுக்குள் நீட்டியபடி கத்தினார் ரிட்டயர்டு குமாஸ்தா.

"கேட்குதுங்க. எதுக்குக் கத்துறீங்க?" மறுமுனையில் மனைவி கிசுகிசுத்தாள். "அப்படியே ஒரு பத்து நிமிஷம் ஓடட்டும்."

டொக் டொக் டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது அந்தப் பழைய காரின் எஞ்சின். குமாஸ்தா வெட்கத்துடன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹாலில் இருந்த போனை ஜன்னல் வழியாக ஷெட்டுக்குக் கொண்டுவர முப்பது அடி ஒயர் வாங்கியிருந்தார். மகளின் பிரசவத்துக்காக மனைவி ரயில் ஏறிய அன்று, ஸ்டேஷன் வாசலில் காரை விட்டு இறங்கும்போது அவள் சொன்னது அவர் காதிலேயே இருந்தது. "நான் திரும்பி வரும்போது இந்த டொக் டொக் கேட்டுச்சு, இதுல ஏற மாட்டேன்."

இரண்டு மாதத்தில் வருவதாகச் சொன்னவள். நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

வீடு வீடாகவே இல்லை. காலையில் பழக்கத்தில் இரண்டு தம்ளர் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைப்பார். காரின் டேஷ்போர்டில் அவள் விட்டுப்போன ஒரு ஹேர்பின் கிடந்தது. தினமும் அதைத் துடைத்து, கிடந்த இடத்திலேயே வைப்பார். அவள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் குறுக்கே நிற்பது இந்தச் சத்தம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

முதலில் வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டைத் தானே முடுக்கினார். சத்தம் கூடியது. கெட்டியான ஆயில் ஊற்றினார். இன்னும் கூடியது. கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பதால் அவருக்கு ஊரில் ஸ்டெதஸ்கோப் என்று பெயர்.

"சார், டாப்பெட்டைக் குறை சொல்லாதீங்க. கேம் ஷாஃப்ட் சுத்துற பேரிங் நாலும் தேஞ்சு போச்சு. ஆயில் எல்லாம் அங்கேயே வழிஞ்சுடுது, மேல ஏறவே இல்ல."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலே நாள்."

மெக்கானிக்குகளின் நாலு நாளுக்கு எத்தனை வாரம் என்று இதுவரை யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. எஞ்சின் இறங்கியது, பழைய பேரிங் வளையங்கள் வெளியே வந்தன. ஒன்றிலிருந்து நான்கு வரை எண் அடித்த புது வளையங்களை மேஜைமேல் வைத்துவிட்டு ஸ்டெதஸ்கோப் சாப்பிடப் போனார்.

குமாஸ்தாவுக்குக் கை அரித்தது. முப்பத்து நான்கு வருடம் ரிக்கார்டு ரூமில் ஒன்றாம் நம்பர் ஃபைலைக் கடைசி மூலையில் வைத்தே பழகியவர். ஒன்றாம் நம்பர் வளையத்தையும் எஞ்சினின் கடைசித் துளையில் வைத்தார். எஞ்சினிலோ ஒன்று என்பது முன்பக்கம், இருப்பதிலேயே பெரியது. உள்ளே போக மறுத்தது. சுத்தியலால் புத்தி சொன்னார். வளையம் நெளிந்தது.

"புதுசு வர மூணு வாரம் ஆகும்" என்று தலையில் கைவைத்தார் ஸ்டெதஸ்கோப்.

அந்த மூன்று வாரமும் மனைவி தினமும் போன் செய்தாள்.

"இன்னுமா மாட்டலை?"

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"தூக்கமே இல்லைங்க. அந்தச் சத்தம் நின்னதுலேருந்து கண்ணை மூடலை. சீக்கிரம் மாட்டச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றார். தன்னை நினைத்து ஒருத்தி தூக்கம் கெடுகிறாள்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவளுக்குத் தூக்கமே இல்லையாம்ப்பா" என்று சட்டைக் காலரை இழுத்துவிட்டபடி ஸ்டெதஸ்கோப்பிடம் சொன்னார்.

"உங்களை நினைச்சா சார்?"

"பின்ன யாரை நினைச்சு?"

புது வளையம் வந்ததும் அதைத் தானே மாட்டுவேன் என்று அடம்பிடித்தார். மாட்டினார். வளையத்தில் உள்ள ஆயில் ஓட்டையும் எஞ்சினில் உள்ள ஓட்டையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இவர் மாட்டியதில் அவை விரல் அகலம் விலகி நின்றன. ஸ்டார்ட் செய்ததும் டொக் டொக்கோடு கடகடவும் சேர்ந்துகொண்டது.

"அப்பாடா, வந்துடுச்சு!" என்றாள் மனைவி போனில்.

"என்ன வந்துடுச்சு? முன்னைவிட மோசமா இருக்கு."

"இருக்கட்டும், நிறுத்திடாதீங்க!"

ஸ்டெதஸ்கோப் ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். "சார், ஆயில் ஏறலை! இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா எஞ்சின் போய்ச் சேர்ந்துடும்!"

"ஏங்க நிறுத்தினீங்க?" என்று போனில் அலறினாள் மனைவி. பின்னால் குழந்தை வீறிட்டது. லைன் அறுந்தது.

"கோவம்" என்றார் குமாஸ்தா பரிதாபமாக. "இத்தனை நாள் கழிச்சும் சத்தம் நிக்கலைன்னு கோவம். இனிமே நான் தொடலைப்பா. நீயே பாரு."

ஸ்டெதஸ்கோப் திரும்ப எல்லாவற்றையும் இறக்கினார். சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டைக்குள் கம்பி விட்டுப் பார்த்து, வளையத்தைப் பொருத்தினார். இரண்டாம் நாள் சாயங்காலம் எஞ்சின் ஓடியது. அதன் தலைமேல் தம்ளரில் தண்ணீர் வைத்தார்கள். தண்ணீர் மெல்லச் சிலிர்த்ததே தவிர, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

குமாஸ்தா ஓடிப்போய்த் துணி எடுத்து வந்தார். முன் சீட்டைத் துடைத்தார். ஹேர்பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், நாளையோ மறுநாளோ கையில் கொடுத்துவிடலாம். பிறகு போனைச் சுழற்றினார். மாப்பிள்ளைதான் எடுத்தார்.

"மாப்பிள்ளை, அத்தை எங்கே?"

"பெட்டி கட்டிக்கிட்டு இருக்காங்க மாமா. நாளைக்குக் காலையில ரயில். முந்தாநாளே டிக்கெட் எடுத்தாச்சு."

"நிஜமாவா? ஸ்டேஷனுக்குக் காரை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுங்க!"

"சொல்றேன் மாமா. முதல்ல வண்டியைக் கிளப்புங்க, பாப்பா தூங்குற நேரம். ரிசீவரைத் தலையணையில வைக்கிறேன்."

"கிளப்பி அஞ்சு நிமிஷம் ஆச்சே, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!"

மறுமுனையில் குழந்தை சிணுங்கத் தொடங்கியது. பிறகு வீறிட்டது.

"மாமா, அந்த டொக் டொக் எங்கே?"

"நின்னுடுச்சு மாப்பிள்ளை!" என்றார் குமாஸ்தா, நெஞ்சு நிமிர. "அடியோட நின்னுடுச்சு!"

மாப்பிள்ளை உள்ளே திரும்பிக் கத்துவது கேட்டது.

"அத்தை, பெட்டியைப் பிரிச்சுடுங்க! நீங்க போனப்புறம் பாப்பாவைத் தூங்கவைக்க நாம நம்பியிருந்த சத்தத்தை மாமா சரி பண்ணிட்டாராம்!"