பட்டியில் ஒரு மாடு குறைகிறது

தலவாக்கலைப் பக்கத்திலேயே மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர் ஒருவர்தான் இருந்தார்: கமரா டொக்டர். நான் கிளாக்கராக இருக்கும் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து சேர்ந்த மிருக வைத்தியர். பனிக்கும் வெயிலுக்கும் ஒரே கறுப்பு வெள்ளை ஸ்வெட்டர். வந்த அன்றே மாட்டுப்பட்டி வாசலில் பலமாகத் தும்மிவிட்டு, ராணி என்ற பசுவைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போனது.

மாடு நிம்மதியாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி. பட்டி முழுக்கக் கமரா பூட்டினார். எது தின்கிறது, எது படுக்கிறது, எது சேராமல் ஒதுங்கி நிற்கிறது என்று கம்ப்யூட்டர் தானே பார்த்துச் சொல்லிவிடும். நாங்கள் பால் கறக்கலாம், புல் போடலாம். மற்றபடி உள்ளே போகக்கூடாது. அவரும் போகமாட்டார்.

"நாம பாத்தா அதுங்க நடிக்கும் தம்பி. தொரை வந்தா நாம நடிக்கலையா?" என்பார்.

மாட்டுப் பொங்கலன்று வந்தது வினை. பால் கறக்கும் பாக்கியம் அக்கா மாடுகளைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, சந்தனம் குங்குமம் அப்பி, மாலையும் போட்டுவிட்டார். கம்ப்யூட்டருக்கோ கறுப்பு வெள்ளைத் திட்டுகள்தான் அடையாளம். பட்டியில் ஒரு மாடும் இல்லை என்று டொக்டரின் போனில் அலறியது. மனுஷர் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"அக்கா, மாடெல்லாம் எங்க?"

"கண்ணு முன்னாடிதானே நிக்குதுங்க ஐயா!"

"கம்ப்யூட்டர்ல இல்லையே!"

அக்கா அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து அனுப்பினார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே ராணி கன்று போட்டுவிட்டுச் சாய்ந்தது. எழும்பவே இல்லை. டொக்டர் மருந்து ஏற்றினார். "மத்தியானத்துக்குள்ள எழும்பலைன்னா தப்பாது தம்பி" என்றார். பிறகு தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, ஸ்வெட்டரோடு குனிந்து அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டே நின்றார். சாப்பிடக் கூப்பிட்டால் காதிலேயே விழவில்லை.

ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர் திடீரென்று எச்சரித்தது: பட்டியில் புதிய மாடு. தின்னவில்லை. படுக்கவில்லை. நிம்மதி இல்லை. உடனே கவனிக்கவும்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ரொட்டி, சம்பல், ஒரு கோப்பை சாயத்தண்ணி சகிதம் பட்டிக்குள் நுழைந்தார்.

"சாப்புடுங்கய்யா. ஒங்க கம்ப்யூட்டரே சொல்லிருச்சி."

கம்ப்யூட்டர் சொன்னால் அவருக்கு வேதவாக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தார். பாதி தின்பதற்குள் ராணி தலையைத் தூக்கியது. பின்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து, அவர் கையிலிருந்த ரொட்டியை மோந்து பார்த்தது.

"பாருங்கக்கா, நடிக்கல! இது நடிக்கல!" என்று கத்தினார்.

போன வருஷம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. கமராக்கள் அப்படியே இருக்கின்றன. பட்டியில் எல்லா மாடும் இருப்பதாகக் கம்ப்யூட்டர் தினமும் சொல்கிறது. எனக்கென்னவோ ஒன்று குறைகிற மாதிரியே இருக்கிறது.