இரண்டு பார்சல்

ஆச்சிப்பிள்ளையின் மண்ணெண்ணெய்ப் போத்தலில் தேங்காயெண்ணெயை ஊற்றிக் கொடுத்துவிட்டான் யோகராசா. விளக்கு எரியவில்லை. ஆச்சிப்பிள்ளைதான் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்து எரிந்து விழுந்தாள்.

"இருபத்திநாலு வயசில இவ்வளவு மறதியா?" என்றார் மனேஜர் சாமித்தம்பி. "உடம்பப் பார் மகனே, உர மூட்டை மாதிரி. கொழுப்புக் கூடினா மூளை மந்தமாகுமாம், பேப்பரில கிடக்கு. மெலியிற வழியப் பார். இல்லாட்டி வேலை போயிரும்."

வேலை போனால் மட்டக்களப்பு நகரில் யோகராசாவோடு பேச ஆளில்லை. வாடகை அறையில் இரண்டு கட்டில், படுப்பவன் ஒருவன். வானொலியாவது பேசும் என்றால், அதுவும் ஊரடங்கு நேரத்தைத்தான் சொல்லும்.

காலைச் சாப்பாட்டை விட்டான். பசி மயக்கத்தில் சீனி கேட்டவருக்கு உப்பை நிறுத்துக் கொடுத்தான். நல்லகாலம், மனேஜர் அதைக் காணவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டான். கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வாவிக்கரையில் போய் நின்றான். எதற்கு வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மனேஜர்தான் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்.

"இரவில என்ன தின்னுறாய்?"

"ரெண்டு சோத்துப் பார்சல், ஐயா."

"ரெண்டா? ஒண்டாக்கு!"

"அது மட்டும் ஏலாது, ஐயா."

"பார், நாக்குப் படுத்துற பாட்ட! இன்னொருக்கா மறந்தாயெண்டா வேலை இல்ல, சொல்லிப்போட்டன்."

மறுநாள் ஊரடங்குக்கு முன்பே கடையைப் பூட்டிக்கொண்டு எதிரே முத்தலிப்பின் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினான். முத்தலிப் கேளாமலே இரண்டு பார்சல் கட்டினார்.

"தம்பி, உங்கட மனேஜர்ர சைக்கிள் இன்னும் வாசலில நிக்குதே?"

யோகராசா கையிலிருந்த சாவியைப் பார்த்தான். உள்ளே மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசனை வைத்துப் பூட்டியாயிற்று.

இருவரும் ஓடிப்போய்த் திறந்தார்கள். தலையெல்லாம் கோதுமை மாவோடு வெளியே வந்த சாமித்தம்பியின் கண் நேரே பார்சல்களில் விழுந்தது.

"என்னை உள்ளுக்கு வெச்சுப் பூட்டிப்போட்டு ரெண்டு பார்சலா? இது மட்டும் மறக்காது, என்ன? நாளைக்கு வராத!"

யோகராசா சாவியை அவரிடம் நீட்டினான்.

முத்தலிப் முன்னால் வந்தார்.

"மனேஜர், அதில ஒண்டு இந்தத் தம்பிட அண்ணனுக்கு. ஆமி சுற்றிவளைப்பில புடிச்சுக் கொண்டுபோய் ரெண்டு வருசமாகுது. வந்தாப் பசியோட வருவாரெண்டு ஒரு நாளும் தவறாம வாங்குறாரு, வராட்டிப் பழுதாகிருமெண்டு தானே ரெண்டையும் திங்குறாரு. இவருக்கா மறதி?"